இரண்டாவது மண்பேணி

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் செத்துப்போயிருந்தார்.

எழுபத்தைந்து வயது பாக்கியரத்தினம், மேசையில் தலை வைத்துத் தூங்குகிறவர் போல முன்னுக்குச் சாய்ந்திருந்தார். பின்மண்டையில் ஒரேயொரு அடி. அது போதுமாயிருந்தது.

போன் அவருடைய சட்டைப் பைக்குள் அதிர்ந்துகொண்டேயிருந்தது...

இன்ஸ்பெக்டர் முனாஸ் கையுறை போட்ட இரண்டு விரலால் அதை வெளியே எடுத்தார். கிண்ணியாக்காரர். பதினாறு வருடப் பொலிஸ் வேலையில் செத்தவர்களுக்கு வந்த அழைப்பு எதையும் அவர் தவறவிட்டதில்லை.

நேரம் 9.52. திரையில், ‘கொழும்பு இராகுலன்’.

"ஹலோ."



"ஐயா... பாக்கியரத்தினம் ஐயாவோ?"

"அவருக்குக் கதைக்க ஏலாது. நீங்க ஆரு?"

"நான் இராகுலன். பழைய சாமான் பார்க்கிறனான். ஐயாவைச் சந்திக்க பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறன். பத்தரைக்கு வந்திடுவன் எண்டு சொல்லத்தான் எடுத்தனான். நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"பொலிஸ். பத்தரைக்கு வாங்க. நேர வீட்டுக்கே வாங்க."

முனாஸ் போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டார்.

உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் நாலாவது வீடு அது. யன்னலால் பார்த்தால் எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு கப்பலின் கொடிமரம் தெரிந்தது. மேசையில் மூன்று சிவப்பு மண் பாத்திரங்கள். தண்ணீர் ஊற்றி வைக்கும் ஒரு கூசா. குடிக்கும் கிண்ணங்கள் இரண்டு. மூன்றிலும் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு.

ஒரு கிண்ணத்தில் இரண்டு மிடறு தண்ணீர் மிச்சமிருந்தது.

குசினி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். அழவில்லை. அழுது முடித்த முகமும் இல்லை.

"நீங்கதானே தங்கச்சி எங்களுக்குப் போன் எடுத்தது? பேர்?"

"ஓம். தயாளினி."

"இவர் உங்களுக்கு?"

"மாமா. என்ர அவரின்ர அப்பா."

"உங்கட அவர் எங்க?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னம் கடலுக்குப் போனவர். வரேல்ல."

கடைக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் கீர்த்தனி எழுதிக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"மாமாவைக் கடைசியா உயிரோட எப்ப கண்டனீங்க?" என்றார் முனாஸ்.

"எட்டே முக்கால். அடுப்பில அரிசியைப் போட்டிட்டுச் சந்திக்கு மீன் வாங்கப் போனனான். சோத்தைத் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டவர். ஒன்பது இருபதுக்குத் திரும்பி வந்தனான்."

"வந்து?"

"இப்பிடி இருந்தவர். கூப்பிட்டனான். கழுத்தில கை வச்சுப் பார்த்தனான்."

"பிறகு?"

"குசினிக்குப் போய்ச் சோத்தை இறக்கினனான்."

கீர்த்தனியின் பேனா நின்றது.

"என்ன செய்தனீங்க?"

"சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இறக்கிப்போட்டு, மீனைக் கழுவி வச்சிட்டு, பொலிசுக்கு எடுத்தனான்."

"மீனையும் கழுவினனீங்க..."

"பிள்ளை ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தால பசியோட வரும், சேர்."

கீர்த்தனி முனாஸின் காதுக்கருகே வந்தாள்.

"சேர், இவவுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில கல்லுத்தான் கிடக்கு."

"கல்லு எண்டதும் ஞாபகம் வருது. ஆயுதம் கிடைச்சதா?"

கிடைத்திருந்தது. அம்மிக்குழவி. குசினிக் கதவடியில் கிடந்தது. யாரோ அதைக் கழுவித் துடைத்திருந்தார். கழுவியவர் ஒரு முனையைக் கவனிக்கவில்லை.

அந்த முனையில் இரண்டு நரைமயிர்.

"இது உங்கட வீட்டுச் சாமான்தானே, தங்கச்சி?"

"ஓம். மிக்சி வந்த பிறகு அரைக்கிறேல்ல. கதவுக்கு முட்டுக் குடுக்கிறனாங்கள்."

"கழுவினதுக்கு மிஞ்சிக் கைரேகை கிடைச்சா ஆருடையது வரும்?"

"என்ரதான் வரும். நான்தானே நெடுகலும் தள்ளுறனான்."

இப்படிப் பதில் சொல்லும் ஆளை முனாஸ் இதற்கு முன் கண்டதில்லை. கேட்கக் கேட்கத் தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பக்க யன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு முழம் கயிறு வந்தது.

பக்கத்து வீட்டு பல்கீஸ். முக்காட்டைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்தார்.

"சேர், பொய் சொல்லப்படாது. நேத்துப் பின்னேரம் மாமாவுக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம். ‘விக்க ஏலாது, விக்க விடமாட்டன்’ எண்டு மனிசன் கத்தினது எங்கட குசினி வரைக்கும் கேட்டிச்சு."

முனாஸ் தயாளினியைப் பார்த்தார்.

"உண்மையா?"

"ஓம். நான் விப்பம் எண்டனான். மாமா ஏலாது எண்டவர்."

"என்னத்தை?"

தயாளினி மேசையைக் காட்டினாள்.

"அந்தக் கூசாவையும் ரெண்டு மண்பேணியையும்."

"இதை ஆரு வாங்குவான்?" என்றாள் கீர்த்தனி. "எங்கட சாம்பல்தீவில இதைவிட வடிவாச் செய்வினம்."

"செய்வினம்" என்றாள் தயாளினி. "என்ர அண்ணா சிந்துஜன் அங்கதான் சூளை வச்சிருக்கிறார்."

கீர்த்தனி அதையும் எழுதிக்கொண்டாள். அடியில் கோடும் போட்டாள்.

10.31.

இராகுலன் வந்தார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு தோல் பை. செத்தவரைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

"கடவுளே... நேற்றும் என்னோட கதைச்ச மனிசன்."

"இருங்க" என்றார் முனாஸ். "பையைக் கீழ வைக்கலாமே?"

"பரவாயில்லை. மடியில இருக்கட்டும்."

"நீங்க என்ன வேலை செய்றனீங்க? சரியா விளங்கேல்ல."

"பழைய சாமானைப் பார்த்து, அது ஆரின்ர கைவேலை எண்டு சொல்லுறனான்."

"அதுக்கும் ஒரு வேலையா?"

இராகுலன் சிரிக்கவில்லை. கூசாவைக் காட்டினார்.

"இது விக்டோரியா மகாராணி காலத்துச் சுடுமண். ஆயிரத்து எண்ணூற்றி எழுபதுகள். வெக்கை நாட்டில இருக்கிற வெள்ளைக்காரர் தண்ணி குளிரக் குடிக்கிறதுக்காக, உள்ளுக்கு மினுக்குப் பூச்சு இல்லாமல் இங்கிலாந்தில செய்தது. அடியைப் பாருங்கோ. தொழிற்சாலையின்ர முத்திரை இருக்கு. வரைஞ்சவரின்ர பேர் இராது. அந்தக் காலத்தில போட விடமாட்டினம்."

"பேர் இல்லாட்டி எப்பிடிச் சொல்றது?"

"கையைப் பார்த்துத்தான். இந்தக் கைப்பிடியைப் பாருங்கோ. வளையாமல் முழங்கை மாதிரி மடிஞ்சு நிக்குது. கோடு ரெண்டு. மேல தடிப்பு, கீழ மெல்லிசு. எட்மண்ட் ஃபேரல் எண்டு ஒரு வடிவமைப்பாளர். அவரைத் தவிர வேற ஒருத்தரும் இப்பிடி வரைய மாட்டினம். ஃபேரலின்ர எண்டு நான் கடிதம் எழுதினா, லண்டனில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும்."

"எழுதாட்டி?"

"குசினியில இருக்கும்."

பாக்கியரத்தினத்தின் தகப்பன் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை கப்பலேறியபோது துரை மூட்டை கட்டாமல் விட்டுப்போன சாமான் இது. மகன் அதில் தண்ணீர் குடித்தே கிழவனானார். நாலு மாதத்துக்கு முன் ஆரோ உறவுக்காரர் படமெடுத்து முகநூலில் போட, இராகுலன் தேடி வந்தார். இது அவர் சொன்ன கதை.

"போன மாசம் ஒரு கிண்ணத்தை மட்டும் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வச்சு ஆராய்ஞ்சனான். மூண்டு கிழமைக்கு முன்னம் கொண்டுவந்து குடுத்திட்டன். மூண்டும் ஃபேரலின்ர கை எண்டு கடிதமும் குடுத்தனான். துணியில சுத்தி அலுமாரியில பூட்டி வையுங்கோ எண்டு சொன்னனான்."

"பூட்டினனீங்களா?" முனாஸ் தயாளினியிடம் கேட்டார்.

"ஓம். அடுத்த நாள் மாமா எடுத்திட்டார். கிளாசில குடிச்சா விக்குது எண்டவர்."

"நல்லது. மிஸ்டர் இராகுலன், இப்ப மூண்டும் சரியா இருக்கா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க."

இராகுலன் பைக்குள் கை விட்டு ஓர் அளவுகோலை எடுத்தார். கூசாவை அளந்தார். முதல் கிண்ணத்தை அளந்தார். தண்ணீர் இருந்த இரண்டாவது கிண்ணத்தை அளந்தார்.

திரும்பவும் அளந்தார்.

அளவுகோலை மெல்ல மேசையில் வைத்தார்.

"இது போலி."

"எது?"

"தண்ணி இருக்கிற இந்தக் கிண்ணம். அசலில அச்செடுத்துச் செய்திருக்கினம். பச்சை மண் சுடேக்க சுருங்கும். அதுதான் மற்றதைவிட அரைச் சென்ரிமீற்றர் கட்டை. நான் திருப்பிக் குடுக்கேக்க அசல்தான் குடுத்தனான். இந்த மூண்டு கிழமைக்குள்ள இந்த வீட்டில ஆரோ மாத்தியிருக்கினம். மண் வேலை தெரிஞ்ச ஆள்."

ஒருவரும் சிந்துஜனின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கீர்த்தனி கொப்பியைப் பார்த்து ஒப்புவித்தாள்.

"தமையன் சூளையில போலி செய்யிறார். தங்கச்சி மாத்தி வைக்கிறா. அசல் எங்கயோ போகுது. மாமா கண்டுபிடிக்கிறார், ‘விக்க ஏலாது’ எண்டு கத்துறார். விடியக் குழவி. சரிதானே, அக்கா?"

"இல்லை" என்றாள் தயாளினி.

"வேற ஒண்டும் சொல்ல மாட்டீங்களோ?"

"என்ன சொல்லுறது? நான் செய்யேல்ல."

"இதைச் சொல்லேக்கயாவது கொஞ்சம் அழலாம்."

"வரேல்ல, மிஸ்."

முனாஸ் பெருமூச்சு விட்டார். குழவி அவளுடையது. ரேகை கிடைத்தால் அதுவும் அவளுடையது. வாக்குவாதம் அவளுடையது. சூளை அவளுடைய தமையனுடையது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு இவளை விட்டுவிட்டுப் போனால், மேலிடத்தில் அவரைத்தான் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பார்கள்.

"ஜீப்பில ஏத்துங்க, கீர்த்தனி. பின்னேரம் நீதவானிட்ட முற்படுத்துவம்."

"எத்தினை நாள் உள்ள வைப்பினம், சேர்?" என்று தயாளினி கேட்டாள்.

"முதல்ல பதினாலு. பிறகு எத்தினை பதினாலு எண்டு சொல்ல ஏலாது."

அவள் தலையாட்டினாள். மதிலடிக்குப் போனாள்.

"பல்கீஸ் அக்கா. தர்சிகா ரெண்டு மணிக்கு வருவா. சோறு மூடிக் கிடக்கு. மீனை மட்டும் பொரிச்சுக் குடுங்கோ. பத்து வயசெண்டாலும் முள் பாக்கத் தெரியாது, எடுத்துவிடுங்கோ."

பல்கீஸின் வாய் கோணியது. கொஞ்ச நேரத்துக்கு முன் சாட்சி சொன்ன வாய் அது.

"அம்மா எப்ப வருவா எண்டு புள்ள கேட்டா?"

"தெரியாதெண்டு சொல்லுங்கோ. பொய் சொல்லவேண்டாம். தகப்பன் நாளைக்கு வருவார், நாளைக்கு வருவார் எண்டு ஆறு மாசம் சொல்லிப் பார்த்திட்டம்."

அந்த இடத்தில்கூட அவளுடைய குரல் இறங்கவில்லை.

கீர்த்தனி அவளுடைய கையைப் பிடித்தாள். இரண்டடி நடந்தாள்.

நின்றாள்.

"சேர், ஒரு நிமிஷம். இதை மறுபேச்சு இல்லாமல் முடிச்சுவிடலாம்."

"எப்பிடி?"

"எங்கட பக்கத்தில புதுச் சட்டி பானை எதையும் அப்பிடியே பாவிக்கிறேல்ல. மண் மணம் போறதுக்குக் கஞ்சி ஊத்திப் பழக்குவினம். எங்கட அம்மாவும் செய்யிறவ. இவவின்ர தமையன் செய்த போலியெண்டா, மாமாவுக்குப் புது மண் மணக்கக்கூடாதெண்டு கட்டாயம் கஞ்சி ஊத்தியிருப்பினம். கஞ்சியில மாப்பொருள். மாப்பொருளுக்கு அயடின் விட்டா?"

"கருநீலம்" என்றார் முனாஸ். கிண்ணியாவில் ஓ.எல். சோதனைக்கு விஞ்ஞானம் படித்தவர். அந்தப் பாடத்தில் அவருக்கு ஞாபகம் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

"ஜீப்பின்ர மருந்துப் பெட்டியில அயடின் இருக்கு, சேர்."

இராகுலன் பையை இறுக்கிப் பிடித்தார்.

"அசல் சாமானில மருந்து ஊத்த விடமாட்டன். நூற்றைம்பது வருசச் சாமான் அது. அந்தப் போலிக்கு என்னத்தையும் ஊத்துங்கோ."

கிண்ணத்திலிருந்த தண்ணீரைக் கீர்த்தனி ஒரு போத்தலில் சேர்த்து மூடினாள். உள்பக்கத்தைத் துடைத்தாள். ஒரு துளி அயடின் விட்டாள்.

மூன்று தலைகள் குனிந்தன.

மஞ்சள் கலந்த மண்ணிறம். அவ்வளவுதான். அயடின் அயடினாகவே இருந்தது.

இன்னொரு துளி... அதுவும் மாறவில்லை.

"அப்ப கஞ்சி ஊத்தேல்ல" என்றார் முனாஸ்.

"சில பேர் ஊத்தாமலும் விடுவினம்" என்றார் இராகுலன். "இதை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. நான் சொன்னது சொன்னதுதான்."

கீர்த்தனியின் காது சிவந்தது. அயடின் போத்தலை மூடப் போனாள்.

"மூடாதேங்கோ" என்றாள் தயாளினி. "மற்ற ரெண்டுக்கும் விடுங்கோ."

"ஏன்?"

"விட்டுப் பாருங்கோ, மிஸ்."

"இன்ஸ்பெக்டர், நான் அனுமதிக்க மாட்டன்..."

"சாமான் உங்கடயா?" என்றார் முனாஸ்.

"இல்லை. ஆனா..."

"கீர்த்தனி, விடுங்க."

முதல் கிண்ணத்துக்குள் ஒரு துளி விழுந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் அது கருத்தது. மை கொட்டியதுபோல நாலு பக்கமும் பரவியது.

கூசாவுக்குள் ஒரு துளி.

அதுவும் கறுப்பு.



முதலில் வாய் திறந்தவர் இராகுலன். கொஞ்சம் கெதியாகவே திறந்துவிட்டார்.

"அப்ப... அப்ப இது ரெண்டும்தான் போலி. தமையன் ரெண்டையும் செய்து கஞ்சி ஊத்திப் பழக்கியிருக்கிறார். இந்தக் கட்டைக் கிண்ணம்தான் அசல். நான் மாறிச் சொல்லிப்போட்டன்."

முனாஸ் நாடியைத் தடவினார்.

"போன மாசம் மூண்டும் அசல் எண்டு கடிதம் குடுத்தனீங்க. அரை மணித்தியாலத்துக்கு முன்னம் இது மட்டும் போலி எண்டனீங்க. இப்ப இது மட்டும் அசல். இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருந்தா நானும் போலியாகிடுவன் போல."

"இது துல்லியமான துறை இல்லை, இன்ஸ்பெக்டர்."

"தங்கச்சி, நீங்க சொல்லுங்க. ஏன் மற்றதுக்கும் விடச் சொன்னனீங்க?"

தயாளினி கூசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசத்தில முதல் வெள்ளி இந்த வீட்டில இருக்கிற மண் சாமான் எல்லாத்துக்கும் வடிச்ச கஞ்சி ஊத்தி ஒரு நாள் வைக்கிறது. இல்லாட்டி நெடுகக் கசியும். தண்ணிப்பானை, தயிர்ச்சட்டி, இந்தக் கூசா, ரெண்டு பேணி. மாமி செய்தவ. அவவுக்கு முன்னம் அவவின்ர மாமியும் செய்தவவாம். நான் பன்னிரண்டு வருசமாச் செய்யிறன்."

இராகுலன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஃபேரலின்ர கிண்ணத்துக்குள்ள... கஞ்சியா?"

"எங்களுக்கு ஃபேரலைத் தெரியாது. மண் எண்டா கஞ்சி ஊத்துவம்."

"இவ இப்ப இட்டுக்கட்டிச் சொல்லுறா, இன்ஸ்பெக்டர்."

"இல்ல" என்றது மதில். பல்கீஸ் இன்னும் அங்கேதான் நின்றார். "மாசா மாசம் கழுவி இந்த மதிலிலதான் காய வைப்பா. கூசாவும் பேணியும் நான் எத்தினை தரம் காகத்துக்குக் காவல் இருந்திருக்கன்."

முனாஸ் குசினிக்குள் போனார். தண்ணிப்பானைக்கு ஒரு துளி. தயிர்ச்சட்டிக்கு ஒரு துளி. இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டும் கறுப்பு.

"விளங்குது" என்றார். "இந்த வீட்டுச் சாமான் எண்டா கருக்கும். கருக்காதது இந்த வீட்டில பிறந்து வளர்ந்தது இல்ல. போன முதல் வெள்ளிக்குப் பிறகு உள்ள வந்தது. கடைசியா எப்ப ஊத்தினனீங்க, தங்கச்சி?"

"மே ரெண்டு. அதுக்குப் பிறகுதான் இவர் ஒரு பேணியைக் கொண்டுபோனவர். பதின்மூண்டாம் திகதி கொண்டுவந்து தந்தவர். அடுத்த வெள்ளி இன்னும் வரேல்ல."

"இண்டைக்குச் செவ்வாய்" என்றாள் கீர்த்தனி மெதுவாக. "இன்னும் மூண்டு நாள் போயிருந்தா, போலிக்கும் கஞ்சி ஊத்தியிருப்பா. எல்லாம் கறுத்திருக்கும்."

"சேர், என்ர அண்ணா செய்து இஞ்ச வச்சிருந்தா, எனக்குத் தெரியாமல் வச்சிருக்க ஏலாது" என்றாள் தயாளினி. "எனக்குத் தெரிஞ்சிருந்தா, அண்டைக்கே ஊத்தியிருப்பன். புது மண் வாயில ஒட்டும். மற்றப் பேணியை விட்டிட்டு இதில குடிச்ச ரெண்டு நாளா மாமா அதைத்தான் சொன்னவர். ‘இந்தப் பேணி சொண்டில ஒட்டுது, இது என்ர பேணி இல்லை’ எண்டு. இவர் வந்து பதில் சொல்லுமட்டும் ஒண்டையும் விக்க ஏலாதெண்டு நேற்றுக் கத்தினவர். எனக்கு வித்துத் துலைச்சாப் போதும் எண்டு இருந்தது. அதுதான் வாக்குவாதம்."

"ஏன் இதை முதல்லயே சொல்லேல்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்கள் கேக்கேல்ல."

முனாஸ் இராகுலனின் பக்கம் திரும்பினார்.

"பையைத் திறங்க."

"அதுக்கு உங்களுக்கு உத்தரவு வேணும்."

"கீர்த்தனி, இவருக்குப் பை திறக்க ஏலாதாம். உதவி செய்யுங்க."

தோல் பைக்குள் இரண்டு புத்தகம். ஒரு பூதக்கண்ணாடி. அடியில் சுருட்டி வைத்த வெள்ளைத் துவாய். துவாய் இன்னும் ஈரமாக இருந்தது. ஓரத்தில், அதே ஊரில், உவர்மலையில் உள்ள ஒரு லொட்ஜின் பெயர் தைத்திருந்தது.

"பத்தரைக்குப் பஸ்ஸால வந்திறங்கின ஆளுக்கு உவர்மலை லொட்ஜ் துவாய் எப்பிடி வந்திச்சு?"



கீர்த்தனி துவாயை விரித்தாள்.

உள்ளே ஒரு சிவப்புக் கிண்ணம். முழங்கைபோல மடிந்த கைப்பிடி. இரண்டு கறுப்புக் கோடு. மேசையில் இருந்த முதல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உயரம் மயிரிழை பிசகவில்லை.

ஒரு துளி அயடின்.

கறுப்பு.

இராகுலன் கதிரையில் இருந்தார். 

"வெளிநாட்டில ஒரு ஆள். ஒண்டையாவது முதல்ல அனுப்பு எண்டவன்" என்றார் சுவரைப் பார்த்து. "கொழும்பில அச்செடுத்துச் செய்விச்சனான். தேயிலைச் சாயத்தில ஊறவச்சுப் பழசாக்கினனான். இவை பூட்டி வைப்பினம் எண்டுதான் நினைச்சன். அதில தண்ணி குடிப்பினம் எண்டு ஆர் கண்டது? நேற்று ஐயா போன் எடுத்தவர். என்ர பேணியைக் கொண்டு வா எண்டு."

"கொண்டு வந்தனீங்க."

"ராத்திரி ரயிலில வந்து லொட்ஜில தங்கினனான். விடியக் கொண்டு வந்து நீட்டினனான். சத்தியமாத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தனான். வாங்க மாட்டன் எண்டார். முதல்ல பொலிசில சொல்லிப்போட்டு வாங்குறன் எண்டு போனை எடுத்தார். என்ர கடிதத்தை நம்பி எத்தினை பேர் சாமான் வாங்கியிருக்கினம் தெரியுமோ? ஒண்டு பொய் எண்டா எல்லாம் பொய். கதவடியில குழவி கிடந்தது."

"அடிச்சுப்போட்டு, குழவியைக் கழுவி, சட்டைப் பையில போனையும் வச்சிட்டுப் போயிருக்கிறீங்க. அசலை மேசையில வச்சிட்டுப் போலியைக் கொண்டு போயிருந்தா, நாங்க இந்த அம்மாவைத்தான் கொண்டு போயிருப்பம். ஏன் மாத்தேல்ல?"

இராகுலன் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அசலைக் கேக்கிற ஆள் இனி இல்லையே எண்டு நினைச்சன்."

முனாஸ் துவாயை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார். பிறகு கேட்டார்.

"செத்தவருக்கு ஏன் போன் எடுத்தனீங்க?"

"ஒருத்தரும் தூக்க மாட்டினம், பத்து மணிக்கும் நான் பஸ்ஸிலதான் எண்டு பதிவில கிடக்கும் எண்டு..."

விலங்கு பூட்டும் சத்தம் சிறிதாகத்தான் கேட்டது.

பிரேதத்தை ஒன்றரைக்கு எடுத்துப் போனார்கள். கீர்த்தனி தயாளினிக்கு முன்னால் வந்து நின்றாள். தொப்பியைக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் கல்லு எண்டு சொன்னனான். கேட்டிருக்கும்."

"கேட்டது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை, மிஸ். எனக்கே சில நேரம் அப்பிடித்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. மீனைப் போட்டாள்.

இரண்டு மணிக்குப் படலை திறந்தது. வெள்ளைச் சீருடை. இரட்டைப் பின்னல். வாசலில் பொலிஸ் சப்பாத்து அடையாளங்களைக் கண்டு தர்சிகா நின்றாள். வெறுமையாகக் கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பப்பா எங்க?"

"கையைக் கழுவிக்கொண்டு வா. முதல்ல சாப்பிடு."

பிள்ளை கழுவிக்கொண்டு வந்து இருந்தது. தயாளினி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். ஐந்தாவது முள்ளில் அவளுடைய விரல் நின்றுவிட்டது. மீனின் மேல் ஒரு சொட்டு விழுந்தது... பிறகு இன்னொரு சொட்டு.

பிள்ளை தாயின் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொண்டுவந்து வைத்தது.

அதே நேரம், பொலிஸ் நிலையத்தில், வாக்குமூலத்தின் எட்டாவது பக்கத்தில் இராகுலன் நிறுத்தினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

முனாஸ் எழுந்துபோய்த் தானே நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"குடியுங்க. பிளாஸ்ரிக் கப்தான். ஆரு செய்ததெண்டு நீங்க சொல்லவேணும் எண்டில்லை."